மேசைக் கணினிக்கு ஒரு சிறு கால்குலேட்டர்: பொத்தான்களைக் கடைசியில் வைத்து எழுதும் முறை

பொழுதுபோக்காக நிரல் எழுதத் தொடங்குபவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் கால்குலேட்டர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் பலர் அதை எழுதுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் சன்னலை வரைந்து, பதினாறு பொத்தான்களை அடுக்கி, நிறம் கொடுத்துவிட்டு, அதன் பிறகே கணக்கைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது: முதலில் தாள், அடுத்து கணக்குப் பகுதி, அதன் பின் சோதனை, கடைசியில்தான் பொத்தான்.

பைத்தான் மொழியையும், அதனுடன் வரும் டிகிண்டர் என்ற சன்னல் நூலகத்தையும் வைத்து விளக்குகிறேன். மாறி, நிபந்தனை, செயற்கூறு ஆகிய மூன்றும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

கணினி பழையதாக இருந்தாலும் தடையில்லை. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த வேலைக்கு அதுவே போதும். ஆனால் அதில் இருக்கும் விண்டோஸ் பதிப்பை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 7 என்றால் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும், 3.9 முதல் வந்த பதிப்புகள் அதில் ஓடா. புதிய பதிப்பைப் பதிவிறக்கிவிட்டு, அது நிறுவப்படாததற்குக் கணினியைக் குறை சொல்லி ஒரு மாலைப்பொழுதை வீணாக்குவது வழக்கமாக நடக்கிறது.

விண்டோஸில் பைத்தான் நிறுவியின் முதல் திரையில், கீழ்ப்பகுதியில், பைத்தானைப் பாத்தில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கும் சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதில் குறியிட்டுவிட்டு மேலே செல்ல வேண்டும். இல்லையென்றால் கட்டளைத் திரையில் பைத்தான் என்று தட்டச்சு செய்யும்போது அப்படியொரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்லும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் பைத்தான் ஏற்கெனவே இருந்தாலும் டிகிண்டர் தனித் தொகுப்பாக இருப்பதால் அதைத் தனியே நிறுவ வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நூலகத்தின் பெயரை வைக்கக் கூடாது. டிகிண்டர் என்றோ, பின்னர் நாம் பயன்படுத்தப்போகும் டெசிமல் என்றோ உங்கள் கோப்புக்குப் பெயரிட்டால், பைத்தான் உண்மையான நூலகத்தை விட்டுவிட்டு, அதே கோப்புறையில் உள்ள உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். வரும் பிழைச் செய்தியைப் படித்து இந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது புதியவருக்கு எளிதல்ல.

இன்னொரு பொருளும் தேவை: கடையில் பயன்படுத்தும் சாதாரண மேசைக் கால்குலேட்டர் ஒன்று. அது எதற்கு என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

2. நடத்தையைத் தாளில் எழுதுதல்

கால்குலேட்டர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் 2 + 3 × 4 = என்று அழுத்தினால் என்ன வர வேண்டும்? பள்ளிக் கணக்கின்படி 14. மேசைக் கால்குலேட்டரில் 20. விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே சாதாரண முறையில் 20 என்றும், அறிவியல் முறையில் 14 என்றும் காட்டும். இரண்டும் பிழையல்ல, இரண்டும் வெவ்வேறு கருவிகள். எதைச் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுதத் தொடங்கினால் பாதி வழியில் நிரலை மாற்றி எழுத நேரும்.

முதல் திட்டத்துக்கு மேசைக் கால்குலேட்டர் முறையைத்தான் பரிந்துரைப்பேன். அழுத்திய வரிசையிலேயே கணக்கு நடப்பதால், அடைப்புக்குறிகளையும் முன்னுரிமை விதிகளையும் பிரித்தறியும் பகுதி அதற்குத் தேவைப்படாது.

பலர் இங்கே ஒரு குறுக்கு வழிக்குப் போவார்கள்: திரையில் உள்ளதை ஒரே எழுத்துச் சரமாகச் சேர்த்து, பைத்தானின் ஈவால் செயற்கூறிடம் கொடுத்துவிடுவது. வேண்டாம். அது கணக்கை மட்டுமல்ல, தன்னிடம் வரும் எந்தப் பைத்தான் கட்டளையையும் இயக்கிவிடும். தவிர, 007 + 1 என்று கொடுத்தால் முன்னே நிற்கும் பூச்சியங்களுக்காகப் பிழை காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேசைக் கால்குலேட்டரின் நடத்தையை அதனால் தரவே முடியாது.

தாளில் எழுத வேண்டிய கேள்விகளில் முக்கியமானவை சில உண்டு. 5 + × 3 என்று இரண்டு செயற்குறிகளை அடுத்தடுத்து அழுத்தினால் என்ன ஆகும்? கடைசிக் குறியே செல்லும் என்பது பொது வழக்கம். விடை வந்தபின் ஓர் இலக்கத்தை அழுத்தினால்? புதிய கணக்கு தொடங்க வேண்டும். விடை வந்தபின் + அழுத்தினால்? அந்த விடையோடு கணக்கு தொடர வேண்டும். 5 + 3 = என்றபின் மறுபடியும் = அழுத்தினால் 11 வர வேண்டுமா, 8 ஆகவே நிற்க வேண்டுமா? ஒவ்வொன்றையும் கையில் உள்ள கால்குலேட்டரில் அழுத்திப் பார்த்து, திரையில் வருவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சதவீத விசை. 500 + 10 % என்று அழுத்தினால் சில கருவிகள் 550 காட்டும். வேறு சில, பத்து விழுக்காட்டை விற்பனை விலையின் மீதான இலாபமாக எடுத்துக்கொண்டு 555.55… என்று காட்டும். புதியவர்கள் எழுதும் நிரலோ பத்தை நூறால் வகுத்து, 500.1 என்று சொல்லும். அது யாருக்கும் உதவாத விடை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவரிடம் இப்படிப்பட்ட நிரலைக் கொடுத்தால், “ஏன் தம்பி, சதவீதம் போட்டால் தொகையில் கழிக்காதா?” என்றுதான் முதலில் கேட்பார்.

ஆகவே ஒரு விதியை எழுதிவைப்போம். கூட்டலோ கழித்தலோ நிலுவையில் இருந்தால், சதவீத விசை முதல் எண்ணின் அத்தனை விழுக்காட்டைக் கணக்கிடும். பெருக்கலோ வகுத்தலோ நிலுவையில் இருந்தால் நூறால் மட்டும் வகுக்கும்.

பிறகு ஒரு முழுக் கணக்கை மாதிரியாக எழுதிக்கொள்ள வேண்டும். 38 கிரேடு (பெட்டி) தக்காளி, ஒன்றுக்கு 25 கிலோ, கிலோ 14.50 ரூபாய், கமிஷன் 10 விழுக்காடு, கூலி 228 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 38 × 25 = 950. அதை 14.50ஆல் பெருக்கினால் 13,775. அதில் 10 % கழித்தால் 12,397.50. கூலியையும் கழித்தால் 12,169.50. இந்தக் கணக்கு கடைசி வரை நமக்குப் பயன்படும்.

3. எண்ணை எந்த வடிவில் வைப்பது

பைத்தானில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என்று விடை வரும். பைத்தான் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. கணினி பின்னங்களை இரண்டடிமானத்தில் வைப்பதால், பத்தில் ஒன்று என்பதைச் சரியாகப் பதிய முடிவதில்லை. கால்குலேட்டரில் இப்படி ஒரு விடை தெரிந்தால் அதன் மீதான நம்பிக்கை அன்றே போய்விடும்.

இதற்குப் பைத்தானோடு வரும் டெசிமல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். அது பதின்ம முறையிலேயே கணக்கிடுகிறது. வேறு ஏதும் சொல்லாவிட்டால் 28 இலக்கத் துல்லியம் வைத்துக்கொள்கிறது. அதில் இரண்டு இடங்களில் தவறுவார்கள். முதலாவது, எண்ணை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுக்காமல் வெறும் 0.1 என்று கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் ஏற்கெனவே கெட்டுப்போன எண்தான் உள்ளே செல்லும். இரண்டாவது, முழுமையாக்கும் முறை. டெசிமல் இயல்பாகச் சரிபாதியை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளும்; 2.665ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 2.66 வரும். கடைக் கணக்கில் 2.67 என்றுதான் எதிர்பார்ப்பார்கள். எனவே பாதியை மேலே தள்ளும் முறையை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

4. கணக்குப் பகுதி: எதை நினைவில் வைப்பது

கால்குலேட்டர் ஒவ்வொரு விசைக்கும் என்ன செய்கிறது என்பது, அதற்கு முன் என்ன அழுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தது. அந்த நினைவைச் சில மாறிகளில் வைக்கிறோம். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இங்கே சொல்லும் பெயர்களை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பதிவு என்பது இப்போது திரையில் உள்ள சரம். முந்தையது என்பது செயற்குறிக்கு முன் வந்த எண். குறி என்பது நிலுவையில் உள்ள செயற்குறி. இந்த மூன்றும் எல்லோருக்கும் தோன்றும். இவற்றோடு புதிது என்று ஒரு கொடி, அதாவது உண்மை அல்லது பொய் என்று மட்டும் இருக்கும் மாறி, தேவை: அடுத்து வரும் இலக்கம், திரையில் உள்ளதோடு ஒட்ட வேண்டுமா, அதை நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டுமா என்பதை அது சொல்லும். இது இல்லாததால்தான் 12 + 3 என்று அழுத்தும்போது திரையில் 123 வருகிறது.

ஐந்தாவதாக இரண்டாம்எண் என்று இன்னொரு கொடியும் வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம், ஏனென்றால் சதவீத விசை வரும்வரை இதன் தேவை தெரியாது. 13775 − 10 % என்று அழுத்தியதும் பதிவில் 1377.5 வந்து நிற்கிறது. அடுத்த இலக்கம் இதோடு ஒட்டக் கூடாது என்பதால் புதிது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் அடுத்து − அழுத்தினால், நிலுவையில் உள்ள கழித்தல் நடந்தாக வேண்டும். ‘புதிது உண்மையென்றால் இரண்டாம் எண் வரவில்லை’ என்று ஒரே கொடியை வைத்து முடிவு செய்த நிரல், கழிக்காமல் விட்டுவிடும். ஒட்ட வேண்டுமா என்பது ஒரு கேள்வி. கணக்கிட வேண்டிய எண் வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. ஆகவே இரண்டு கொடிகள்.

இனி விதிகள். இலக்கம் வந்தால்: புதிது உண்மையென்றாலோ, பதிவில் வெறும் 0 இருந்தாலோ, பதிவை அந்த இலக்கமாக மாற்று, இல்லையேல் ஒட்டு. பிறகு புதிதைப் பொய்யாக்கு. குறி நிலுவையில் இருந்தால் இரண்டாம்எண்ணை உண்மையாக்கு. புள்ளி வந்தால்: புதிது உண்மையென்றால் 0. என்று தொடங்கு, ஏற்கெனவே புள்ளி இருந்தால் எதுவும் செய்யாதே, மற்றபடி ஒட்டு. கொடிகளை இலக்கத்துக்குச் செய்தது போலவே மாற்று.

செயற்குறி வந்தால் வரிசை முக்கியம். முதலில், குறியும் இரண்டாம்எண்ணும் இருந்தால் பழைய கணக்கை முடித்து, விடையைப் பதிவில் வை. அடுத்து, பதிவில் உள்ளதை முந்தையதில் போடு. அதற்குப் பிறகே புதிய குறியை எழுது. கடைசியில் புதிதை உண்மையாக்கி, இரண்டாம்எண்ணைப் பொய்யாக்கு. புதிய குறியை முதலிலேயே எழுதிவிட்டால், 8 − 3 + 2 என்பதில் + அழுத்திய கணத்தில் கழித்தல் மறைந்து, 8 + 3 என்று கூட்டப்பட்டு, 7க்குப் பதிலாக 13 வரும். கூட்டலை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

சமக்குறி வந்தால் கணக்கை முடித்து, குறியை வெறுமையாக்கி, புதிதை உண்மையாக்கி, இரண்டாம்எண்ணைப் பொய்யாக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சமக்குறி அழுத்துவதை ஆதரிக்க விரும்பினால், கடைசியாகப் பயன்பட்ட குறியையும் எண்ணையும் தனியே சேமித்துவைக்க வேண்டும். முதல் பதிப்பில் இது இல்லாவிட்டாலும் குறையில்லை.

வகுத்தலில் ஒரு நுணுக்கம் உண்டு. டெசிமலில் 5 ÷ 0 என்பது பூச்சியத்தால் வகுத்த பிழையை எழுப்பும். 0 ÷ 0 என்பது அதை எழுப்பாது. செல்லாத செயல் என்ற வேறொரு பிழையை எழுப்பும். முதல் பிழையை மட்டும் பிடித்தவரின் நிரல் இரண்டாவதில் தடுமாறும். இரண்டையும் பிடித்து, திரையில் ‘பிழை’ என்று காட்டி, எல்லா மாறிகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மாறிகளை மீட்காமல் சொல்லை மட்டும் காட்டினால், அடுத்த செயற்குறி அந்தச் சொல்லையே எண்ணாக மாற்ற முயலும்.

5. சன்னல் இல்லாமல் சோதித்தல்

மேலே சொன்னவை அனைத்தையும் ஒரு வகுப்பாக (மாறிகளையும் செயற்கூறுகளையும் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் அமைப்பாக), தனிக் கோப்பில் வையுங்கள். அதில் டிகிண்டர் என்ற சொல்லே இருக்கக் கூடாது. ‘விசை’ என்ற ஒரு செயற்கூறு ஒரு குறியை வாங்கிக்கொண்டு, திரையில் காட்ட வேண்டிய சரத்தைத் திருப்பித் தர வேண்டும். இப்படிப் பிரித்துவைத்தால், பொத்தானை நூறு முறை சொடுக்கிப் பார்க்காமல், விசைகளின் வரிசையைக் கொடுத்து ஒரே நொடியில் சோதிக்கலாம்.

தாளில் எழுதிய மாதிரிக் கணக்கைக் கொடுங்கள். 13775 − 10 % − 228 = என்பதற்குத் திரை 13775, 10, 1377.5, 12397.5, 228, 12169.5 என்று நகர வேண்டும். இறுதி விடையை மட்டும் பார்க்காமல் இடையில் வருபவற்றையும் ஒப்பிடுங்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, விடை சரியாக வந்துவிடுவதும் உண்டு.

மற்ற சோதனைகளைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கலாம். பட்டுக்கூடு 37.450 கிலோ, கிலோ 512 ரூபாய் என்றால் 19174.4 வர வேண்டும். கிராமுக்காக வரும் மூன்று பின்ன இலக்கங்களும் கடைசிப் பூச்சியமும் சரியாகக் கையாளப்படுகின்றனவா என்று இது காட்டும். 1 ÷ 3 × 3 என்பதையும் கொடுங்கள். உள்ளே 0.999… என்று இருந்தாலும், திரையில் 12 இலக்கத்துக்குச் சுருக்கும்போது 1 என்று வர வேண்டும். சுருக்கிய எண்ணைத் திரையில் மட்டும் காட்டி, உள்ளே முழுத் துல்லியத்தையும் வைத்திருக்க வேண்டும். அதற்காக, பதிவில் வைக்கும் விடை முழுமையானதாக இருக்கட்டும், சுருக்குவது தனிச் செயற்கூறாக இருக்கட்டும்.

6. திரையில் எண்ணைக் காட்டுதல்

அந்தத் தனிச் செயற்கூறு நினைப்பதைவிட வேலை வாங்கும். பின்னத்தின் கடைசிப் பூச்சியங்களை நீக்க டெசிமலின் நார்மலைஸ் என்ற வசதியைப் பயன்படுத்தினால், 100 என்பது அடுக்குக்குறி வடிவில், ஒன்றும் பத்தின் இரண்டாம் அடுக்குமாக வந்து நிற்கும். சரத்திலிருந்து பூச்சியங்களை வெட்டலாம். ஆனால் புள்ளி இருந்தால் மட்டுமே வெட்ட வேண்டும். இல்லையேல் 100 வெறும் 1 ஆகிவிடும்.

காற்புள்ளியைப் பைத்தான் தரும் வசதியால் இட்டால் 233,840 என்று வரும். 12.640 டன் மாங்காயை, டன் 18,500 ரூபாய் என்று பெருக்கிப் பார்க்கும் மண்டிக்காரருக்கு 2,33,840 என்று தெரிந்தால்தான் இரண்டு லட்சம் என்பது பார்த்தவுடன் மனத்தில் ஏறும். எனவே நீங்களே எழுத வேண்டும்: முழுஎண் பகுதியின் கடைசி மூன்று இலக்கங்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டிச் சேர்க்க வேண்டும். கழித்தல் குறியை முன்னதாகவே எடுத்துவைத்து, கடைசியில் ஒட்டுங்கள். இல்லையேல் -,12,345 போன்ற விநோதங்கள் தோன்றும்.

காற்புள்ளி ஒருபோதும் பதிவுக்குள் போகக் கூடாது. காற்புள்ளி உள்ள சரத்தை டெசிமல் ஏற்காது. அதேபோல், ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் எண்ணை எண்ணாக மாற்றி மறுபடி காட்டக் கூடாது. 12. என்று அழுத்தியதும் புள்ளி மறைந்துவிடும், 12.05 என்பதில் நடுப் பூச்சியத்தை உள்ளிடவே முடியாது.

7. சன்னலும் பொத்தான்களும்

இப்போதுதான் டிகிண்டர். எண் தெரியும் இடத்துக்கு, தட்டச்சு செய்யக்கூடிய பெட்டியை வைக்காமல் லேபிளை வையுங்கள். பெட்டியை வைத்தால் பயனர் அதில் எழுத்துகளை நேரடியாகத் தட்டிவிடுவார். உங்கள் கணக்குப் பகுதிக்கு அது தெரியவே தெரியாது.

பொத்தான்களை, கட்டங்களாக அடுக்கும் கிரிட் முறையில் அடுக்குங்கள். ஒரே சட்டத்துக்குள் கிரிடையும், ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும் பேக் முறையையும் கலந்தால் டிகிண்டர் பிழை காட்டி நிற்கும். கிடைவரிசை, நெடுவரிசை எண்கள் 0இலிருந்து தொடங்கும். சன்னலை இழுத்துப் பெரிதாக்கும்போது பொத்தான்களும் பெரிதாக வேண்டுமென்றால், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கிடைவரிசைக்கும் எடை கொடுக்க வேண்டும்.

பொத்தானோடு செயற்கூறை இணைக்கும் இடத்தில் இரண்டு தவறுகள் மாறாமல் நடக்கின்றன. செயற்கூறின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டால், அது சன்னல் திறக்கும்போதே ஒருமுறை ஓடிவிடும். பிறகு பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். மற்றொன்று, சுற்று வழியாகப் பத்துப் பொத்தான்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் லாம்டா (பெயரில்லாத சிறு செயற்கூறு) எழுதுவது: எதை அழுத்தினாலும் 9 வரும். லாம்டா, இலக்கத்தின் மதிப்பை உருவான நேரத்தில் பிடித்துவைப்பதில்லை. அழுத்தும் நேரத்தில்தான் மாறியைத் தேடுகிறது, அப்போது சுற்று முடிந்து 9இல் நின்றிருக்கும். லாம்டாவின் இயல்புநிலை அளவுருவாக அந்த இலக்கத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பொத்தானில் அழகுக்காக ×, ÷, − ஆகிய குறிகளை எழுதினால், அவற்றையும் விசைப்பலகையின் *, /, - ஆகியவற்றையும் ஒரே இடத்தில் இணைத்துவையுங்கள். கண்ணுக்குக் கழித்தல் குறிகள் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு எழுத்துகள். பொத்தானில் தமிழ் எழுத விரும்பினால், லினக்ஸில் கொம்பும் துணையெழுத்தும் இடம்மாறித் தெரியக்கூடும் என்பதால் ‘அழி’ போன்ற எளிய சொல்லே நல்லது.

8. விசைப்பலகை

மண்டியிலோ கடையிலோ உட்கார்ந்து கணக்குப் போடுபவர் சுட்டியைத் தொட மாட்டார். பில்லைப் பார்த்தபடியே வலக்கையால் எண் விசைகளைத் தட்டுவார். ஆகவே விசைப்பலகை இணைப்பைக் கூடுதல் வசதியாகக் கருத வேண்டாம்.

என்டர் விசையைச் சமக்குறியாகவும், பேக்ஸ்பேஸைக் கடைசி இலக்கம் நீக்குவதாகவும், எஸ்கேப்பை முழுதும் அழிப்பதாகவும் இணையுங்கள். லினக்ஸில் எண்பகுதியின் என்டருக்குத் தனிப் பெயர் உண்டு. அதையும் சேர்க்காவிட்டால் பெரிய என்டர் மட்டுமே வேலை செய்யும். பேக்ஸ்பேஸ், புதிது உண்மையாக இருக்கும்போது எதுவும் செய்யக் கூடாது. முடிந்த விடையின் இலக்கங்களை உரிப்பதற்குப் பொருளில்லை.

டேப் விசையால் ஒரு பொத்தானின் மேல் குவியம் (விசைத் தட்டல்களைப் பெறும் நிலை) நின்றுவிட்டால், ஸ்பேஸ் தட்டும்போது அந்தப் பொத்தான் மறுபடி அழுத்தப்படும். எல்லாப் பொத்தான்களுக்கும் குவியம் ஏற்பதை நிறுத்திவிடுங்கள்.

9. பிறருடைய கணினியில் கொடுத்தல்

பைத்தான் இல்லாத கணினியில் ஓட, பைஇன்ஸ்டாலர் என்ற கருவி நிரலையும் பைத்தானையும் சேர்த்து ஒரே தொகுப்பாக்கும். விண்டோஸுக்கான தொகுப்பை விண்டோஸில்தான் உருவாக்க முடியும். லினக்ஸில் உருவாக்கியது அங்கே ஓடாது. பெறுபவரின் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், தொகுப்பைப் பைத்தான் 3.8 கொண்டே செய்ய வேண்டும்.

கருப்புக் கட்டளைத் திரையை மறைக்கும் தெரிவை முதல் முறையே பயன்படுத்த வேண்டாம். அது மறைந்தால் பிழைச் செய்திகளும் மறையும். நிரல் திறக்காததன் காரணம் தெரியாமல் போகும். திரையோடு ஒருமுறை உருவாக்கி, ஓடுவதை உறுதிசெய்த பின் மறைத்து உருவாக்குங்கள்.

ஒரே கோப்பாக்கும் தெரிவு கவர்ச்சியானது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் தன்னைத் தற்காலிகக் கோப்புறையில் பிரித்துக்கொண்ட பிறகே தொடங்குவதால் பழைய கணினிகளில் காத்திருக்க வைக்கும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைச் சந்தேகித்து நீக்கிவிடவும் கூடும். பழைய மடிக்கணினிக்குக் கொடுப்பதென்றால் கோப்புறை வடிவிலேயே உருவாக்கி, முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் எடுத்துச் சென்று நகலெடுத்து, மேசைத்திரையில் ஒரு குறுக்குவழி வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் இயங்கு கோப்பை மட்டும் மேசைத்திரைக்கு நகர்த்தினால், அதற்குத் துணையான கோப்புகள் உடன் வராததால் நிரல் திறக்காது.